ரிட்டயர்மென்டுக்குப் பிறகு ரயில் படம் எடுக்கக் கிளம்புகிறீர்களா? மாத்திரை, சீசன் டிக்கெட், கேமரா, சுண்டல் டப்பா வரை

ஓய்வு பெற்ற பிறகு ரயில் படம் எடுக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது, அதனால் கேமரா இந்தக் கட்டுரையில் மூன்றாவதாகத்தான் வரும். எதை எங்கே கேட்பது, எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும், சாப்பாட்டை என்ன செய்வது என்று ஒருவரும் சேர்த்துச் சொல்லாததால் நான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டியிருந்தது. என் வீடு தாம்பரம் பக்கம். உதாரணங்கள் எல்லாம் தாம்பரம்–செங்கல்பட்டு பாதையிலிருந்தே வரும், உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரயில் நேரத்துக்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சாப்பாடு, மாத்திரை நேரத்துக்கு ஒத்துவருகிற ரயிலைத்தான் பிடிக்க வேண்டும். கீழே சொல்வதில் பாதி இதைச் சுற்றித்தான்.

1. பென்ஷன் வேலையை முதலில் முடியுங்கள்

நவம்பர் மாதம் பனியும் இளவெயிலும் சேர்ந்து அருமையான வெளிச்சம் கிடைக்கிற மாதம், மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டியதும் அதே மாதம். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர் என்றால், இதே சான்றுக்கான நேர்காணல் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில்.

வங்கியில் வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஜீவன் பிரமாண் ஆப்பும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் போனில் இருந்தால் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம், செலவு கிடையாது. போன் பழக்கம் இல்லாதவர்கள் தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுப்பார், 70 ரூபாய். ஆதார் எண், பிபிஓ எண் (பென்ஷன் வழங்கும் ஆணையின் எண்), வங்கிக் கணக்கு எண், ஆதாரோடு இணைந்த மொபைல் எண் இவை நான்கும் ஒரே தாளில் எழுதி ஃபைலில் இருக்கட்டும். வயதானால் கைரேகை தேய்ந்துபோகும், இயந்திரம் எடுக்காது, திரும்பத் திரும்ப விரலை அழுத்திக்கொண்டு நிற்காமல் முகப் பதிவையே கேளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சான்று பதிவானது என்று குறுஞ்செய்தி வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. பென்ஷன் வழங்கும் அலுவலகம் அதை ஏற்க வேண்டும். பிபிஓ எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது உங்களுக்கு அடுத்த மாதம் பணம் வராதபோதுதான் தெரியும். ஒரு வாரம் கழித்து நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கேமரா கடைக்கு முன்னால் டாக்டர்

கண், சர்க்கரை, முழங்கால். இந்த மூன்றும்தான்.

கண்ணில் புரை ஆரம்பித்திருந்தால் எதிரே வரும் எஞ்சினின் முகப்பு விளக்கு பூவாய் விரிந்து தெரியும், ஃபோகஸ் விழுந்ததா இல்லையா என்றே புரியாது, லென்ஸ் சரியில்லை என்று நினைத்துப் புது லென்ஸுக்குச் செலவு செய்கிறவர்கள் உண்டு. முதலில் கண்ணைப் பாருங்கள். கேமராவின் வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், பார்வைக்கு ஏற்ப அதைத் திருப்பலாம். திருப்பும்போது வெளியே தெரிகிற மரத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே ஒளிரும் எண்களும் கட்டங்களும் கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடி பவர் மாறினால் மறுபடியும் திருப்ப வேண்டும். இந்தச் சக்கரம் பைக்குள் உரசி அதுவாகவே திரும்பிவிடும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: என் மாத்திரை சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடியதா? மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி ஆவது அபூர்வம். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரைகளும் இன்சுலினும் அப்படியில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பிளாட்பாரத்தில் நின்றால் மயக்கம் வரலாம், அதுவும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். வெயிலில் நிற்கப் போகிறேன் என்பதையும் சொல்லுங்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

முழங்காலுக்கு ஒரு மடக்கு நாற்காலி. அவ்வளவுதான்.

3. கேமரா, செலவு, ஏமாற்று

இப்போது உங்களிடம் இருக்கிற போனிலேயே ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள். விடிகாலையில் எழுந்து போகிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் மட்டும் பணம் போடுங்கள். பணிக்கொடை வந்த சூட்டில் ஒன்றரை லட்சத்துக்குக் கேமரா வாங்கி பீரோவில் பூட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா, பழையதாக வாங்கினால் கூடவே வரும் கிட் லென்ஸோடு சுமார் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் 55–250 அல்லது 70–300 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று தனியாக வேண்டும், ஏனென்றால் ரயிலைத் தள்ளி நின்றுதான் எடுக்கப் போகிறீர்கள். வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள், அசல் பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், லென்ஸைக் கழற்றி போன் டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்களில் புது லென்ஸுக்கும் இது வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள். கேமரா வந்த தோல் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி.

இணையத்தில் பழைய பொருள் விற்கும் இடங்களில் ஒரு கதை வாடிக்கையாக வரும். ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் மாற்றல், பாதி விலைக்குத் தருகிறேன், முன்பணம் மட்டும் அனுப்புங்கள். அடையாள அட்டைப் படம் கூட அனுப்புவார்கள். நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். உங்களுக்குப் பணம் வருவதற்காக க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னால் அது மோசடி, பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம் பின் நம்பரும் வேண்டாம். போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

4. பிளாட்பாரத்தில் நிற்க ஒரு டிக்கெட்

பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், 2 மணி நேரம் செல்லும். இரண்டு மணி நேரத்தில் நல்ல படம் ஒன்று கிடைப்பதற்குள் நேரம் முடிந்துவிடும், ரயில் தாமதமானால் கேட்கவே வேண்டாம். மாதத்துக்கு நான்கைந்து முறைக்கு மேல் போவீர்கள் என்றால் புறநகர் ரயில் சீசன் டிக்கெட் எடுங்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு சீசன் இருந்தால் நடுவில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் என்று எந்த ஸ்டேஷனிலும் இறங்கி ஏறலாம். ஒற்றை டிக்கெட்டே 10 ரூபாய்தான் என்பதால் சீசனும் பெரிய தொகையில்லை, ரயில்வேயின் ரயில்ஒன் ஆப்பில் உங்கள் ஸ்டேஷன்களைப் போட்டால் தொகை காட்டும். அடையாள அட்டை எண் கேட்கும், ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பயணத்தின்போதும் அதே அட்டை கையில் இருக்க வேண்டும். போனில் எடுத்த டிக்கெட்டை சார்ஜ் தீர்ந்த போனில் காட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், படம் எடுக்கப் போகிறவர்கள் போன் சார்ஜை அதிலேயே தீர்த்துவிடுவார்கள்.

இந்த சீசனை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறாதீர்கள். படம் எடுக்க வந்த ரயிலிலேயே அபராதம் கட்டி இறங்க வேண்டியிருக்கும்.

5. எங்கே நிற்கலாம், யாரிடம் சொல்ல வேண்டும்

தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பென்ஷன்தாரர் என்று யாரும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. மின்சார ரயில் தூணுக்கு மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட். மேம்பாலத்தில் நின்றுகொண்டு குடையை நீட்டுவது, நீளமான செல்ஃபி குச்சியைத் தூக்குவது இதெல்லாம் வேண்டாம். அந்தக் கம்பி தொட்டால்தான் அடிக்கும் என்றில்லை, பக்கத்தில் போனாலே போதும்.

சாதாரணமாகப் போனிலோ கையடக்க கேமராவிலோ எடுத்தால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய லென்ஸை மாட்டியதும் ஆர்பிஎஃப்காரர், அதாவது ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர், வருவார். பதறாதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டி, எடுத்த படத்தையும் காட்டினால் பெரும்பாலும் அதோடு முடியும். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். அதைவிட நல்ல வழி, புது ஸ்டேஷனுக்குப் போனதும் கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய் வணக்கம் சொல்லி, சார், ரிட்டயர்டு ஆள், பொழுதுபோக்குக்கு ரயில் படம் எடுக்கிறேன் என்று சொல்லிவிடுவது.

டிரைபாட் வைக்க வேண்டும், ஒரே ஸ்டேஷனில் பல நாள் எடுக்க வேண்டும் என்றால் எழுதிக் கேளுங்கள். ரயில்வே கோட்ட அலுவலகத்தில் மக்கள் தொடர்பு அதிகாரி இருப்பார். ஒரு பக்கக் கடிதம், ஆதார் நகல், ஓய்வூதியர் அடையாள அட்டை நகல், ஸ்டேஷன் பெயர், தேதி, நேரம், கொண்டுபோகும் கருவிகளின் பட்டியல், வணிக நோக்கம் இல்லை என்று ஒரு வரி. கொடுத்த கடிதத்தின் நகலில் தேதி முத்திரை வாங்காமல் வராதீர்கள். என்னை ஒரு அலுவலகத்தில் இந்த மாடி அந்த மாடி என்று அலைய விட்டுவிட்டு, கடைசியில் கடிதமே வரவில்லை என்றார்கள், முத்திரை இருந்ததால் தப்பித்தேன். பதில் வர வாரக்கணக்கில் ஆகும், ஊட்டி சீசனுக்கு ஏப்ரலில் உட்கார்ந்து எழுதினால் காலம் கடந்துவிடும். கல்யாண போட்டோ, விளம்பரம் மாதிரியானவற்றுக்குக் கட்டணம், நடைமுறை எல்லாமே வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ராணுவத் தளவாடம் ஏற்றிய வண்டி வந்தால் கேமராவைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். டாங்கி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேண்டாம்.

6. எந்த ரயில், எந்த நேரம்

இதில்தான் நம் வயதுக்கு ஒரு அதிர்ஷ்டம். தெற்கேயிருந்து இரவெல்லாம் ஓடிவரும் ரயில்கள், பாண்டியன், நெல்லை, பொதிகை, கன்னியாகுமரி, முத்துநகர், அனந்தபுரி எல்லாம் விடிகாலையிலிருந்து எட்டு மணி வாக்கில் வரை வரிசையாக இந்தப் பாதையில் சென்னைக்குள் வருகின்றன. பாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போவதால் சென்னை நோக்கி வரும் எஞ்சினின் முகத்தில் காலை வெயில் நேராக விழும். வெளிச்சமும் நன்று, வெயிலும் ஏறவில்லை, எட்டரைக்கு வீட்டில் இட்லி சாப்பிடலாம். சாயங்காலம் தெற்கே போகும் ரயில்களின் முகத்தில் இதே மாதிரி மேற்கு வெயில் விழும், ஆனால் பெரிய ரயில்கள் பலவும் இருட்டிய பிறகுதான் கிளம்புகின்றன.

வைகை எக்ஸ்பிரஸ் மேல் எல்லாருக்கும் ஒரு பிரியம். ஆனால் சென்னைக்கு வருவதும் மதுரைக்குத் திரும்புவதும் இந்தப் பக்கத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான், உச்சி வெயிலில் வெளிச்சமும் மட்டம். அதைத் தை, மாசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன் ரயில்வேயின் என்டிஇஎஸ் ஆப்பில் ரயில் இப்போது எங்கே வருகிறது என்று பாருங்கள். விழுப்புரத்திலேயே ஒரு மணி நேரம் தாமதம் என்றால் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் கொளவாய் ஏரியை ஒட்டிப் பாதை போகும், மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியிருக்கும் மார்கழி, தை மாதங்களில் தண்ணீரில் ரயிலின் நிழல் விழும். அங்கே காற்று அசையாத நேரம் வேண்டும், அதாவது சூரியன் எழுந்த முதல் அரை மணி.

7. சாப்பாடு, தண்ணீர், மாத்திரை

அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறவர் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. அதற்காக முழு டிபனும் வேண்டாம். ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கைப்பிடி ஊறவைத்த வேர்க்கடலை, சர்க்கரை போடாத பாலோ மோரோ. காலை மாத்திரையை உணவோடுதான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதை வீட்டுக்குத் திரும்பி டிபன் சாப்பிடும்போது போடுங்கள், பழக்கத்தில் ஐந்து மணிக்கே விழுங்கிவிட்டுப் போய்விடாதீர்கள். நேரம் மாற்றலாமா என்பதை மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பையின் வெளி ஜிப்பில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் படத்தை மறந்துவிட்டு உட்காருங்கள். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலக்கிக் குடித்து 15 நிமிடம் காத்திருங்கள், சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம் ஏதாவது சாப்பிடுங்கள். சர்க்கரை அளவு 70க்குக் கீழே இறங்கினால் இதுதான் முறை. சாக்லேட் இதற்கு உதவாது, அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பிஸ்கட்டும் அப்படித்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் டப்பா கட்டிக்கொள்ளுங்கள். என் டப்பாவில் இருப்பது கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு சுண்டல், உப்பைக் குறைத்து, தேங்காய்த் துருவலுக்குப் பதில் மாங்காய்த் துண்டு. கூடவே வெள்ளரிக்காய், ஒரு கொய்யா. முதல் நாள் இரவே ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் நான்கு விசில், கையால் நசுக்கினால் மசிய வேண்டும், பாதி வெந்த கடலை நம் பல்லுக்கும் ஆகாது வயிற்றுக்கும் ஆகாது. தயிர்சாதம் எடுத்துப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் அது பாதி டப்பா என்றால் மீதிப் பாதி காயாக இருக்கட்டும்.

சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்று நம்பி ஃபிளாஸ்க் நிறையக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். கேழ்வரகும் மாவுச்சத்துதான், நீர்த்த கூழாகக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். அதே மாவை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டுங்கள், அளவோடு சாப்பிடுங்கள். ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நீங்களே பார்த்துக்கொண்டால் யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை. மீட்டரைவிட ஸ்டிரிப்தான் செலவு வைக்கும், வாங்கும்போதே ஸ்டிரிப் விலையைக் கேளுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள்.

ஸ்டேஷன் டீக்கடைதான் உண்மையான சோதனை. ஒரு ரயில் தாமதமானால் ஒரு டீ, இன்னொன்று தாமதமானால் ஒரு டீயும் ஒரு சமோசாவும். இஞ்சி டீ சர்க்கரை இல்லாமல் என்று சொன்னால் தனியாகப் போட்டுத் தருவார்கள், கேனில் கலந்து வைத்த டீ என்றால் விட்டுவிடுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், பாக்கெட் மிக்சர் இவற்றிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இன்னொன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கழிப்பறை இல்லை, பூட்டியிருக்கிறது என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறவர்கள் நம் வயதில் நிறைய, பெண்கள் இன்னும் அதிகம். சித்திரை வெயிலில் இது ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும். சின்ன ஸ்டேஷன்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள், அடுத்த லோக்கலைப் பிடித்துத் தாம்பரம் அல்லது செங்கல்பட்டு வந்துவிடுங்கள், அங்கே வசதி இருக்கிறது.

8. கேமராவில் என்ன வைப்பது

எதிரே வேகமாக வரும் ரயிலுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) ஆட்டோ, ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில். கேனானில் அதற்கு ஏஐ செர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி. முகப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். வந்தே பாரத், மின்சார லோக்கல் இவற்றில் ஊர்ப் பெயர் ஓடும் எல்இடி பலகை வேகமான ஷட்டரில் பாதி எழுத்தோடு நிற்கும், பெயர் தெரிய வேண்டும் என்றால் 1/160 அளவுக்கு இறக்கி, ரயில் மெதுவாக வரும்போது எடுங்கள். ஃபிளாஷ் ஒருபோதும் வேண்டாம், ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். எஞ்சின் எண்ணையும் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஷெட் (எஞ்சினைப் பராமரிக்கும் இடம்) பெயரையும், ராயபுரம், ஈரோடு, அரக்கோணம் என்று இருக்கும், ஒரு நோட்டில் குறித்து வைத்தால் பிறகு படத்தைத் தேடும்போது உதவும்.

9. வெளியூர் போக: மேட்டுப்பாளையம்

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கீழ் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. தனியாகவோ இரண்டு பேராகவோ பதிவு செய்தால்தான் அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க முடியும். மகனையும் பேரனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் போச்சு, அவர்களுக்குத் தனி டிக்கெட் போடுங்கள்.

நீலகிரி மலை ரயில் காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், கோடை விடுமுறைக்கு அன்றே தீர்ந்துவிடும். குன்னூர் வரைதான் நீராவி எஞ்சின், அங்கே டீசல் மாற்றுவார்கள், அதனால் முழு ஊட்டி டிக்கெட் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, குன்னூர் வரை கிடைத்தால் போதும். கல்லாறிலிருந்து பல்சக்கரப் பாதை ஆரம்பிக்கும், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கும் பற்களைப் பிடித்து ஏறும் பாதை. எஞ்சின் எப்போதும் பின்னால் நின்று தள்ளிக்கொண்டே ஏறும் என்பதால் புகை படத்தில் வர வேண்டுமானால் பின்பக்கப் பெட்டியில் ஜன்னல் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். கரித்தூள் லென்ஸில் படியும், சட்டையால் துடைக்காமல் ஊதுபந்தால் ஊதிவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில் அடிக்கடி ரத்தாகும், அந்த மாதங்களில் தங்கும் அறைக்கு முன்பணம் கட்டாதீர்கள். முதல் நாள் இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிட்டு, காலை ஆறரைக்குள் இரண்டு இட்லியும் மாத்திரையும் முடித்துக்கொண்டு ஏறுங்கள், குன்னூர் சேரப் பத்தரையை நெருங்கிவிடும், வழியில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடத்தில் வடையும் டீயும்தான் கிடைக்கும்.